படைக்குச் சோறு போட்டவர்கள்



போர்க் கதை என்றதும் பீரங்கியும் துப்பாக்கியும்தான் நம் மனக்கண்ணில் வந்து நிற்கின்றன. வீரன் வெட்டினான், சுட்டான், வீழ்ந்தான் என்றே கேட்டுப் பழகியிருக்கிறோம். அந்த வீரன் அன்று காலையில் என்ன சாப்பிட்டான்? அரிசி எங்கிருந்து வந்தது? அதைச் சுமந்து வந்தவர் யார்? இப்படிக் கேட்டால் கதை சொல்பவர் சற்றுத் தடுமாறுவார். கலிங்கத்துப்பரணியில்கூடப் போர் முடிந்த களத்தில் பேய்கள் கூழ் சமைப்பதைப் பற்றிப் பாட்டு இருக்கிறது. போரிட்ட படைக்குச் சமைத்தவர்களைப் பற்றி அவ்வளவு விரிவாக யாரும் பாடவில்லை. இராசேந்திர சோழன் நாம் வாழும் இந்தக் கடாரத்தை வென்றதை அவனுடைய மெய்க்கீர்த்தி முழங்குகிறது. அவன் கப்பல்களில் நெல் மூட்டை ஏற்றியவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

இன்று நாம் அப்படிப்பட்டவர்களைப் பற்றித்தான் பேசப் போகிறோம். படைக்கு உணவும் எண்ணெயும் வண்டியும் கொடுத்துக் காப்பாற்றும் வழங்கல் படையைப் பற்றிய வரலாறு இது. வேறெங்கோ நடந்த கதை என்று எண்ணிவிட வேண்டாம். கெடாவின் சாலைகளிலும், லூனாஸ், பாடாங் செராய், கூலிம் பக்கத்துத் தோட்டங்களிலும் புகுந்து போன வரலாறுதான்.

முதலில் இந்த வேலை எவ்வளவு பெரியது என்று பார்ப்போம். நம் தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். காலைப் பிரட்டுக்கு 300 பேர் வந்து நிற்கிறார்கள். அவர்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் கடைக்கு வந்து சேர வேண்டும். பால் வெட்டும் கத்தி, மங்கு, வாளி ஸ்டோரில் இருக்க வேண்டும். லோரிக்கு எண்ணெய் வேண்டும். காய்ச்சல் வந்தால் மருந்து வேண்டும். ஸ்டோர் கிராணி கணக்கில் ஒரு வாரம் தவறினாலே லயத்தில் எத்தனை சச்சரவு! இதை 50 மடங்காக்குங்கள். அந்தத் தோட்டம் ஓரிடத்தில் நிற்காமல் தினமும் இடம் மாறுகிறது என்றும், மேலே விமானங்கள் வந்து குண்டு போடுகின்றன என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 15,000 பேர் கொண்ட ஒரு படைப்பிரிவின் அன்றாட நிலை இதுதான். ஆளுக்கு ஒரு கிலோ உணவு என்று மிகக் குறைவாகக் கணக்கிட்டாலும் நாளொன்றுக்கு 15 டன். குண்டு, எண்ணெய், மருந்து எல்லாம் தனி.

இந்தியாவில் இந்த வேலை காளை மாட்டின் முதுகில் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை, வங்காளம், பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களிலும் படைகளை வைத்திருந்தது. அந்தப் படைகளுக்கு உணவு வழங்க 1760இல் கமிசாரியட் என்ற துறை ஏற்பட்டது. ஆனாலும் நெடுங்காலம் உண்மையில் படைக்குச் சோறு போட்டவர்கள் லம்பாடிகள் எனப்படும் பஞ்சாராக்களே. ஆயிரக்கணக்கான காளைகளின் மீது தானிய மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, குடும்பத்தோடும் குழந்தைகளோடும் அவர்கள் படையின் பின்னால் நடந்தார்கள். விலை கொடுத்தால் எந்தப் படைக்கும் விற்றார்கள்.

காளை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1791ஆம் ஆண்டு ஒரு சான்று. கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் திப்பு சுல்தானை எதிர்த்து ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போய்விட்டார். மே மாதம் நடந்த சண்டையில் வெற்றியும் பெற்றார். கோட்டை கண்ணுக்கு எதிரே இருந்தது. ஆனால் மழையிலும் நோயிலும் மாடுகள் செத்து விழுந்தன, படைக்குத் தானியம் இல்லை. கோட்டையை உடைக்க அத்தனை தூரம் இழுத்து வந்த பெரிய பீரங்கிகளைத் தம் கையாலேயே உடைத்துப் போட்டுவிட்டு அவர் திரும்ப வேண்டியதாயிற்று. திரும்பும் வழியில்தான், நிறைந்த கடைத்தெருவையும் கூட்டிக்கொண்டு வந்த மராட்டியப் படைகள் எதிர்ப்பட்டன. சற்று முன்னதாக அவை வந்திருந்தால் அந்தப் பீரங்கிகள் பிழைத்திருக்கும். மறு ஆண்டு அவர் தானியத்தை முதலில் சேர்த்துக்கொண்டு போனார். 1792 உடன்படிக்கையில் பாரமகால் கம்பெனியின் கைக்கு வந்தது. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து நம் பாட்டனார்கள் இந்த மலாயாவுக்குக் கப்பலேறினார்களே, அந்தச் சீமை வெள்ளைக்காரன் கைக்கு மாறியதில் காளை மாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. பின்னாளில் வெலிங்டன் பிரபு என்று புகழ்பெற்ற ஆர்தர் வெல்லெஸ்லி தென்னிந்தியாவில் இருந்தபோது எழுதிய கடிதங்களைப் பார்த்தாலும் அரிசி, மாடு, மாடு, அரிசி என்றுதான் இருக்கும்.

இந்தக் கமிசாரியட் பல மாற்றங்களுக்குப் பிறகு 1901இல் வழங்கல் போக்குவரத்துப் படை என்று ஒன்றாயிற்று. 1923இல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர் என்று பெயர் மாறியது. 1935இல் 'ராயல்' என்ற அடைமொழி சேர்ந்தது. நாம் சுருக்கமாக வழங்கல் படை என்றே சொல்லுவோம்.

இந்தியப் படைக்கு உணவு வழங்குவது மற்ற நாட்டுப் படைகளுக்கு வழங்குவதைவிடக் கடினமான வேலை. ஆங்கிலச் சிப்பாய்க்கு டின் இறைச்சியும் ரொட்டியும் கொடுத்தால் போதும். இந்தியப் படையில் பஞ்சாபிக்குக் கோதுமை மாவு, பருப்பு, நெய், வெல்லம் வேண்டும். சென்னைக்காரருக்கு அரிசி வேண்டும். முஸ்லிம்களுக்கு ஹலால் முறையில் அறுத்த இறைச்சி, சீக்கியர்களுக்கு ஒரே வெட்டில் வெட்டிய இறைச்சி. இறைச்சியே தொடாதவர்களுக்குப் பாலும் கூடுதல் நெய்யும். ஆகையால் ஆடுகள் உயிரோடு படையுடன் போயின. சமையல் தனித்தனி, பாத்திரம் தனித்தனி. சமையற்காரர், தண்ணீர் சுமப்பவர், துப்புரவு செய்பவர், கோவேறு கழுதை ஓட்டுபவர் ஆகியோரைப் 'பின்தொடர்வோர்' என்று ஒரு கீழ்ப்பட்டியலில் எழுதி வைத்தார்கள். சம்பளமும் குறைவு, மரியாதையும் குறைவு. குண்டு மட்டும் பட்டியல் பார்த்து விழவில்லை.

முதலாம் உலகப் போரில் மெசபொடேமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், குட் என்ற ஊரில் ஓர் ஆங்கில இந்தியப் படை முற்றுகையில் சிக்கியது. 1915 டிசம்பரில் தொடங்கிய முற்றுகை 1916 ஏப்ரல் 29 வரை நீடித்தது. உணவு தீர்ந்தபோது குதிரைகளை வெட்டிச் சாப்பிட உத்தரவாயிற்று. இந்தியச் சிப்பாய்களில் பலர் நெடுநாள் மறுத்தார்கள். மாவு குறைந்தது, காய்கறி இல்லை, பல்லீறு வீங்கி இரத்தம் கசியும் நோய் பரவியது. விமானத்திலிருந்து மூட்டைகளைப் போட்டுப் பார்த்தார்கள். அன்றைய சிறு விமானங்களால் ஒரு படையின் வயிற்றை நிரப்ப முடியவில்லை. கடைசியில் சுமார் 13,000 பேர் துருக்கியரிடம் சரணடைந்தார்கள்.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது இந்த வழங்கல் படையின் நான்கு கோவேறு கழுதைக் கம்பெனிகள் 1939 டிசம்பரில் பிரான்சு நாட்டுக்கே போயின. பனி உறைந்த சாலையில் மோட்டார் வண்டி வழுக்கும், கழுதை வழுக்காது என்று அவர்களை வரவழைத்திருந்தார்கள். 1940இல் ஜெர்மானியர் முன்னேறியபோது மூன்று கம்பெனிகள் கழுதைகளைக் கைவிட்டு இங்கிலாந்துக்குத் தப்பின. ஒரு கம்பெனி பிடிபட்டது.

இப்போது நம் கெடாவுக்கு வருவோம்.

1941இல் வட மலாயாவைக் காக்க நின்றது 11ஆவது இந்தியப் படைப்பிரிவு. அதன் தலைமையகம் சுங்கைப்பட்டாணியில் இருந்தது. தளபதி மர்ரே லயன். பஞ்சாபியர், கூர்க்காக்கள், ஆங்கிலேயர் கலந்த படை. அலோர் ஸ்டார், சுங்கைப்பட்டாணி, பட்டர்வொர்த் ஆகிய இடங்களில் விமானத் திடல்கள். அவற்றுக்கெல்லாம் எண்ணெய், குண்டு, உணவு ஆகியவற்றைக் கிடங்குகளில் நிரப்பி வைத்திருந்தார்கள்.

இந்தத் தற்காப்பு வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. பதுங்குகுழி வெட்டவும், சாலை போடவும், மூட்டை இறக்கவும் தொழிலாளர் கம்பெனிகள் சேர்க்க 1941இல் அனுமதி கிடைத்தது. ஆனால் அவர்களுக்கான கூலியை முடிவு செய்தது லண்டன். தோட்டத்திலும் ஈயச் சுரங்கத்திலும் அப்போது ரப்பருக்கும் ஈயத்துக்கும் நல்ல கிராக்கி, கூலியும் உயர்ந்திருந்தது. அதைவிடக் குறைவான கூலிக்கு யார் வருவார்கள்? மலாயாப் படைத் தலைவர் பெர்சிவலே போருக்குப் பின் எழுதிய அறிக்கையில் இந்த ஆள் பஞ்சத்தைக் குறிப்பிட்டிருக்கிறார். ரப்பர் மரத்தடியில் நின்ற நம் மக்களின் தினக்கூலியில் சில காசு கூட்டிக் கொடுத்திருந்தால் ஜித்ராவின் பதுங்குகுழிகள் இன்னும் சில வாரம் முன்னதாக முடிந்திருக்கலாம். இது நம் ஊகமே. ஆனாலும் பொருந்தாத ஊகம் என்று தோன்றவில்லை.

டிசம்பர் 8ஆம் தேதி. ஜப்பானியர் சயாமில் சிங்கோரா, பட்டானி ஆகிய துறைகளிலும் கிளந்தானில் கோத்தா பாருவிலும் இறங்கினார்கள். அன்றே சுங்கைப்பட்டாணி விமானத் திடலில் குண்டு விழுந்தது. சயாமுக்குள் முன்கூட்டியே நுழைந்து சிங்கோராவைப் பிடிப்பதென்று ஆங்கிலேயர் ஒரு திட்டம் வைத்திருந்தனர். அதற்காகப் படையும் அதன் பொருள்களும் இரண்டு நாளாகப் புறப்படத் தயாராக, அடாத மழையில் காத்துக் கிடந்தன. அன்று பிற்பகல் திட்டம் கைவிடப்பட்டது, திரும்பி ஜித்ராவில் நில்லுங்கள் என்று கட்டளை வந்தது. முன்னேறுவதற்கென்று கட்டி வைத்த மூட்டைகளை அவிழ்த்துத் தற்காப்புக்கு ஏற்றவாறு மாற்றி அடுக்க நேரம் ஏது? பதுங்குகுழிகளில் தண்ணீர் நின்றது. தொலைபேசிக் கம்பிகள் சேற்றில் கிடந்தன.

டிசம்பர் 11, 12 தேதிகளில் ஜித்ராவில் சண்டை நடந்தது. முன்னால் வந்த ஜப்பானியர் சுமார் 500 பேர்தான், சில டாங்கிகளோடு. 12ஆம் தேதி இரவு பின்வாங்க உத்தரவாயிற்று. இருட்டு, மழை, ஒரே சாலை. அந்தச் சாலையில்தான் பீரங்கி வண்டிகளும், அடிபட்டவர்களை ஏற்றிய வண்டிகளும், வழங்கல் படை லோரிகளும் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டு வர வேண்டும். சேற்றில் இறங்கிய வண்டி அங்கேயே நின்றது. சிதறிய சிப்பாய்கள் சதுப்பு நிலத்திலும் வயல்களிலும் வழி தேடினார்கள்.

இப்படி விட்டுப் போனவை எவ்வளவு? ஜப்பானியப் படையின் திட்ட அதிகாரி மசநோபு சுஜி போருக்குப் பின் ஒரு நூல் எழுதினார். சுமார் 50 பீரங்கிகள், 50 கனரக இயந்திரத் துப்பாக்கிகள், 300 லோரிகளும் கவச வண்டிகளும், ஒரு படைப்பிரிவுக்கு மூன்று மாதம் வரக்கூடிய உணவு என்று அவர் கணக்குச் சொல்கிறார். வென்றவன் கணக்கு சற்று ஊதித்தான் இருக்கும். ஆனால் அலோர் ஸ்டார் விமானத் திடலில் குண்டும் பெட்ரோலும் அப்படியே கிடந்தன என்பதிலும், ஜப்பானிய விமானங்கள் அங்கிருந்தே அவற்றைக் கொண்டு பறந்தன என்பதிலும் ஐயமில்லை. கைப்பற்றிய இந்தப் பொருளுக்கு ஜப்பானியச் சிப்பாய்கள் 'சர்ச்சில் சப்ளை' என்று கேலிப் பெயர் வைத்தார்கள். அவர்கள் தங்களோடு கொண்டு வந்த உணவு கொஞ்சம், சைக்கிள்தான் அதிகம். வழியில் கிடைத்ததைத் தின்று, வழியில் கிடைத்த சைக்கிளை மிதித்து வந்தார்கள். டயர் போனால் வெறும் இரும்பு வளையத்தில் ஓட்டினார்கள். இரவில் அந்தச் சத்தம் டாங்கி வருவதுபோல் கேட்டதாம்.

இங்கே இன்னொன்றும் நடந்தது. ஜித்ராவுக்கு வடக்கே துண்டிக்கப்பட்ட 14ஆவது பஞ்சாப் ரெஜிமெண்டின் அதிகாரி மோகன் சிங் அலோர் ஸ்டாரில் ஜப்பானியருடன் சேர்ந்தார். கடைகளிலும் கிடங்குகளிலும் கொள்ளை நடந்துகொண்டிருந்த அந்த ஊரில் ஒழுங்கை நிலைநாட்டும் பொறுப்பு அவரிடம் விடப்பட்டது. இந்திய தேசிய ராணுவத்தின் முதல் விதை கெடாவின் தலைநகரில் விழுந்தது அப்படித்தான்.

பின்வாங்கிய படை 14, 15 தேதிகளில் ஜெராய் மலையடியில் குரூணில் நின்று பார்த்தது. அங்கும் ஒரு பிரிகேட் தலைமையகமே அழிந்தது. பெத்தோங், குரோ வழியாக வந்த வேறொரு ஜப்பானியப் பிரிவு பாலிங் பக்கம் இறங்கினால் பின்னால் சாலை அறுந்துபோகும் என்ற அச்சம் வேறு. டிசம்பர் 16ஆம் தேதி வாக்கில் படை மூடா ஆற்றைக் கடந்து தெற்கே வந்தது. லூனாஸ் அந்த ஆற்றுக்குத் தெற்கே, கூலிமுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவில் இருப்பதை நாம் அறிவோம். அதற்குள் பினாங்கில் குண்டு விழுந்து, 16ஆம் தேதி இரவு ஐரோப்பியர் மட்டும் கப்பலேறிப் போயினர். துறைமுகத்தில் படகுகள் அப்படியே இருந்தன. பினாங்கு வானொலி நிலையமும் உடைபடாமல் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. வானொலியில் பேசுகிற நாம் இதைச் சொல்லாமல் விட முடியுமா? துரைமார் போன தோட்டங்களில் கிராணிகளும் கங்காணிகளும் தொழிலாளர்களும் மிஞ்சினார்கள். ரப்பர் வாங்க ஆளில்லை. அரிசி வரும் வழியும் அடைபட்டது.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் திடலில் சுமார் 40,000 இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். சண்டைப் படையினரோடு ஓட்டுநர்களும் சமையற்காரர்களும் கைதியானார்கள்.

ஆக, கெடாவில் ஒரு படை தன் சோற்று மூட்டையை இழந்தது. எதிரி அதைத் தின்று முன்னேறினான். இதில் ஜப்பானியத் தளபதிகள் ஒரு தப்புப் பாடம் கற்றுக்கொண்டார்கள். எதிரியின் கிடங்கு இருக்கும்போது நமக்கு ஏன் கிடங்கு என்பதே அந்தப் பாடம். அதன் விலையைக் கொடுத்தவர்களில் நம் தோட்ட மக்களும் உண்டு.

பர்மாவைப் பிடித்த ஜப்பானியருக்கு அங்கிருந்த படைக்கு உணவும் குண்டும் அனுப்ப வழி வேண்டியிருந்தது. கடல் வழியில் நேச நாட்டு நீர்மூழ்கிக் கப்பல்கள் காத்திருந்தன. ஆகவே சயாமில் பான் போங் அருகிலிருந்து பர்மாவில் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட முடிவு செய்தார்கள். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. நாம் 'சயாம் மரண ரயில்' என்கிறோமே, அது ஒரு படையின் வழங்கல் பாதைதான். நாளொன்றுக்கு 3,000 டன் ஏற்றிச் செல்ல வேண்டும் என்று முதலில் திட்டம். பிறகு அதை 1,000 டன்னாகக் குறைத்தார்கள். அதையும் அந்தப் பாதை எட்டவில்லை.

1943இல் மலாயாப் பத்திரிகைகளில் விளம்பரம் வந்தது. மூன்று மாத ஒப்பந்தம், நாளுக்கு ஒரு வெள்ளி, உணவும் இருப்பிடமும் மருத்துவமும் இலவசம். சிலர் நம்பிப் போனார்கள், தோட்டத்தில் பசி அப்படி. போதிய ஆள் சேரவில்லை என்றதும் பிடித்துப் போகத் தொடங்கினார்கள். ஒவ்வொரு தோட்டமும் இத்தனை பேர் கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். மலாயாவிலிருந்து கொண்டு போனவர்கள் 75,000க்கும் அதிகம், பெரும்பான்மையோர் தமிழர். மூடிய சரக்கு வண்டிகளில் பல நாள் பயணம். பான் போங்கில் இறக்கிவிட்டு, மழைக்காலச் சேற்றில் காடு வரை நடக்க வைத்தார்கள்.

இங்கேதான் வழங்கல் என்ற சொல்லின் பொருள் நமக்கு முழுமையாக விளங்குகிறது. போர்க்கைதிகளின் முகாம்களில் அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தார்கள். கொதிக்க வைத்த தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும், கழிவுக்குழியைத் தள்ளி வெட்ட வேண்டும் என்று கட்டுப்பாடு செய்ய ஆள் இருந்தது. அப்படியும் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளில் 12,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். நம் மக்களின் முகாம்களில் அந்த ஏற்பாடே இல்லை. புழுத்த அரிசி, உப்பு, பூசணித் துண்டு. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தோர் சுமார் 90,000 இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். ஒரு படைக்குச் சோறு கொண்டு போகும் பாதையைப் போட்டவர்கள் சோறில்லாமல் மாண்டார்கள்.

அந்தப் பாதை போய்ச் சேர்ந்த இடத்தையும் பார்த்துவிடுவோம். 1944 மார்ச்சில் தளபதி முத்தாகுச்சி மூன்று படைப்பிரிவுகளோடு சிந்துவின் ஆற்றைக் கடந்து இந்திய எல்லையிலுள்ள இம்பால், கொஹிமா நோக்கிப் புறப்பட்டார். சிப்பாய் கையில் ஏறக்குறைய மூன்று வார உணவுதான். ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு போய் வழியில் அடித்துத் தின்னலாம் என்பது ஏற்பாடு. பல மாடுகள் ஆற்றிலேயே போயின. மூன்று வாரத்துக்குள் இம்பால் கிடங்குகளைப் பிடித்துவிட்டால், பிறகு இருக்கவே இருக்கிறது சர்ச்சில் சப்ளை!

ஆனால் இம்முறை கிடங்கு கைக்கு வரவில்லை. இம்பாலில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் சூழப்பட்டபோது பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம் பின்வாங்கவில்லை. வானத்து வழியாக உணவு வந்தது. குமில்லா, அகர்தலா விமானத் திடல்களில் நம் வழங்கல் படையினர் இரவு பகலாக மூட்டை கட்டினார்கள். விமானத்தில் கூடவே ஏறிப் போய்க் கதவருகே நின்று தள்ளிவிட்டார்கள். பட்டுப் பாரசூட் கிடைக்காததால் கல்கத்தா ஆலைகளில் சணல் துணியில் பாரசூட் தைத்தார்கள். அரிசிக்குப் பாரசூட்டும் இல்லை. ஒரு சாக்கில் பாதியளவு அரிசி நிரப்பி, அதை இன்னொரு பெரிய சாக்கில் போட்டுக் கட்டி எறிந்தார்கள். விழும் வேகத்தில் உள்சாக்கு கிழிந்தாலும் வெளிச்சாக்கு அரிசியைத் தாங்கிக்கொள்ளும். குட் முற்றுகையில் செய்ய முடியாததை 28 ஆண்டு கழித்துச் செய்து காட்டினார்கள். முற்றுகைக் காலத்தில் சுமார் 19,000 டன் பொருள் இம்பாலுக்குள் போயிற்று. ஜூன் 22இல் சாலை மீண்டும் திறந்தது.

மறுபக்கம் பசி. கொஹிமாவில் நின்ற ஜப்பானியத் தளபதி சாத்தோ, உணவு அனுப்பாத மேலிடத்தின் கட்டளையை மீறித் தம் படையைத் திருப்பி அழைத்துக்கொண்டு போனார். ஜப்பானியரில் சுமார் 30,000 பேர் இறந்தனர், பெரும்பாலோர் பட்டினியாலும் நோயாலும். அந்தப் படையோடு போன இந்திய தேசிய ராணுவத்தினர் ஜப்பானியரின் வழங்கலையே நம்பியிருந்தார்கள். பாலேல் மலைகளில் அவர்கள் காட்டுக் கீரையைத் தின்று நாள் கழித்தார்கள். அவர்களுடைய வீரத்தைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு அரிசி போகவில்லை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

உணவை ஆயுதமாக்கும் வித்தை போர் முடிந்ததோடு நிற்கவில்லை. 1948 முதல் 1960 வரை இருந்த அவசரகாலத்தில் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு போகாமல் தடுப்பதே அரசாங்கத்தின் முக்கிய உபாயமாயிற்று. இம்முறை காவல் வைத்தது கிடங்குக்கு அல்ல, நம் அடுப்புக்கு. தோட்ட லயங்களை ஓரிடத்தில் சேர்த்து முள்வேலி போட்டார்கள். அரிசி அளந்துதான் கிடைக்கும். விடியற்காலையில் பால் வெட்டப் போகும் பெண்களின் தூக்குவாளியை வேலிக் கதவில் திறந்து பார்த்தார்கள். கடைக்காரர் பால் டின்னை விற்கும்போதே துளை போட்டுக் கொடுக்க வேண்டும் என்று விதி. திறந்த டின்னைக் காட்டில் சேர்த்து வைக்க முடியாதல்லவா?

1947இல் இந்தியாவும் பாகிஸ்தானும் பிரிந்தபோது வழங்கல் படையும் இரண்டாயிற்று. லோரிகளையும் கழுதைகளையும் பங்கு போட்டார்கள். இந்தியா குடியரசான பிறகு 'ராயல்' என்ற அடைமொழி போயிற்று. ஆர்மி சர்வீஸ் கோர் என்ற பெயரில் இன்றும் பெங்களூரில் அதற்குப் பயிற்சி மையம் உண்டு. 1760ஐத் தொடக்கமாகக் கொண்டு ஆண்டுதோறும் டிசம்பர் 8ஆம் நாளைத் தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. 1941இல் சுங்கைப்பட்டாணியில் குண்டு விழுந்ததும் அதே தேதியில்தான்.

மலாயாப் போரில் மாண்ட இந்தியச் சிப்பாய்களில் பலர் தைப்பிங் போர்க் கல்லறையில் துயில்கிறார்கள். உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுத் தூண்களில் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. வழங்கல் படைப் பெயர்களும் அங்கே உண்டு. சயாம் பாதையில் மாண்ட கைதிகளுக்குக் காஞ்சனாபுரியில் ஆளுக்கொரு கல் இருக்கிறது. நம் தோட்ட மக்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் இல்லை. போருக்குப் பின் அந்தப் பாதையின் பெரும்பகுதியைக் கழற்றிவிட்டார்கள். சயாம் பக்கத்தில் நாம் தோக் என்ற ஊர் வரையுள்ள பகுதி மட்டும் மிஞ்சியது. அதில் இன்றும் பயணிகள் ரயில் ஓடுகிறது.